வைஃபை சோதனைக் கருவிகளை அமைப்பது எப்படி? சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை, இளம்பிள்ளையில் தறிக்கூடம், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து விடுதி என்று சேலம் சுற்றுவட்டாரத்தில் வைஃபை போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. "நெட்டு வரலைங்க" என்றதும் பலர் முதலில் செய்வது ரவுட்டரை மாற்றுவது. நல்ல ரவுட்டரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, அதே ஆணியில் அதைவிட விலை கூடியதை மாட்டி, மறுவாரம் அதே புகாரோடு நிற்கிறார்கள். அது அவர்கள் உழைத்த காசு. அளந்து பார்த்திருந்தால் மிஞ்சியிருக்கும். அதனால்தான் என்னோடு வேலை பழகும் தம்பிகளும், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளும், விடுதி நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபோன்லயே ஸ்பீட் டெஸ்ட் இருக்குதுங்களே, தனியா கருவி எதுக்குங்க?

அந்த ஆப் காட்டும் எண் பொய்யில்லை. ஆனால் அது எதனுடைய வேகம் என்று தெரியாது. ஃபோனிலிருந்து ரவுட்டர் வரை காற்றில் ஒரு பயணம். அங்கிருந்து ஃபைபரில் இணைய நிறுவனத்தின் அலுவலகம். பிறகு சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒரு சர்வர். இத்தனையிலும் எது மெதுவோ அதுதான் திரையில் தெரியும். சேலத்திலிருந்து சென்னை போகப் பத்து மணி நேரம் ஆச்சு என்று ஒருவர் சொன்னால் வண்டி பழுதா, உளுந்தூர்பேட்டையில் நெரிசலா என்று நமக்குத் தெரியுமா? அந்த மாதிரிதான்.

100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு வாங்கிய வீட்டில் ஆப் 40 காட்டினால் குற்றம் காற்றிலா, வெளியே இருந்து வரும் கம்பியிலா? வீட்டுக்குள்ளேயே அனுப்ப ஒரு கணினி, வாங்க ஒரு கணினி என்று இரண்டையும் நாமே வைத்துக்கொண்டால் இணைய நிறுவனம் கணக்கிலிருந்து விலகிவிடும். மிஞ்சுவது நம் வீட்டுக் காற்று மட்டும். அதை அளக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

குறைஞ்சபட்சம் என்னென்ன வேணும்?

இரண்டு லேப்டாப். ஒன்றில் ஜிகாபிட் லேன் போர்ட் (1,000 எம்பிபிஎஸ் வரை போகும் கம்பித் துளை) கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் வாங்கலாம், ஆனால் யூஎஸ்பி 3 ஆகப் பார்த்து வாங்குங்கள். யூஎஸ்பி 2-இன் மொத்தக் கொள்ளளவே 480 எம்பிபிஎஸ்தான், கையில் கிடைப்பது அதிலும் குறைவு. பிறகு மூன்று மீட்டர் நீளத்தில் கேட்-6 கேபிள் இரண்டு, அளவு நாடா, சாக்பீஸ், நோட்டு, ரவுட்டருக்கு 12 வோல்ட் தரும் சின்ன யூபிஎஸ், வைஃபை சிக்னலைக் காட்டும் ஆப் உள்ள ஆண்ட்ராய்டு ஃபோன். லேப்டாப்பை வைக்க மர முக்காலி ஒன்று. இரும்பு நாற்காலியோ எவர்சில்வர் மேசையோ வேண்டாம், அடியில் இருக்கும் உலோகமே அளவைக் கெடுத்துவிடும்.

இதோடு, குணம் நன்றாகத் தெரிந்த ஒரு ரவுட்டரை எப்போதும் பையில் வைத்திருப்பேன். வாடிக்கையாளரின் ரவுட்டர் மேல் சந்தேகம் வந்தால் அதே இடத்தில் இதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் இதில் ஒன்றையும் மறந்துவிட்டு ஏறக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு லேன் அடாப்டர் மேசை மேலேயே இருக்கிறது என்று நினைவு வந்தால் அன்றைய நாள் போயிற்று.

எல்லாத்தையும் எடுத்து வெச்சாச்சு. முதல்ல எதை அளக்கணும்ண்ணா?

கம்பியை. வைஃபையைத் தொடவே வேண்டாம்.

இரண்டு லேப்டாப்பையும் லேன் கேபிளால் ரவுட்டரில் மாட்டி, ஐபெர்ஃப்3 என்ற மென்பொருளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிப் பாருங்கள் (எப்படி என்பது அடுத்த பதிலில்). எல்லாம் சரியாக இருந்தால் ஜிகாபிட்டில் 940 எம்பிபிஎஸ் சுற்றி வரும். 1,000 வராது. தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒவ்வொன்றோடும் போகும் முகவரித் தகவலும் பொட்டலங்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் மீதியை எடுத்துக்கொள்ளும். இந்த 940 நிலையாக நின்றால்தான் மேற்கொண்டு அளக்கும் எதற்கும் மதிப்பு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவராமல் கொலுசை எடை போட மாட்டார்கள். நமக்கு இதுதான் சுழியம்.

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். ஆரம்ப காலத்தில் மலைமேல் ஒரு விடுதி. எந்த அறையில் வைத்து ஓட்டினாலும் 94 எம்பிபிஎஸ். ரவுட்டருக்கு ஒரு கை தூரத்திலும் 94, இரண்டு சுவர் தாண்டியும் 94. ஆன்டெனாவைத் திருப்பினேன், சேனலை (ரவுட்டர் பேசும் அலைவரிசைப் பாதையை) மாற்றினேன், ஒரு பகல் முழுக்கப் போராடினேன். காற்றில் போகிற எதுவும் தூரத்துக்குத் தூரம் மாறாமல் இருக்காது என்று சாயங்காலம்தான் மண்டையில் உறைத்தது. நானே முனை போட்ட கேபிளில் எட்டுக் கம்பியில் ஒன்று பிடிக்கவில்லை. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கு மட்டும் பிடித்தால் போர்ட் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், அதில் கிடைப்பது சரியாக 94. அன்றிலிருந்து 94 என்ற எண்ணைப் பார்த்தால் கை தானாகக் கேபிளுக்குப் போகிறது. விடுதிக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, அன்றைக்குக் கூலி வாங்காமல் வந்தேன்.

ஐபெர்ஃப்3 ஓட்டறது எப்படி? கமாண்டுன்னாலே பயமா இருக்கு.

பயப்பட ஒன்றுமில்லை. ஐபெர்ஃப்3 இரண்டு கணினிக்கு நடுவே வேகம் அளக்கும் இலவச மென்பொருள். கம்பியில் மாட்டிய லேப்டாப்பில் அதன் பெயரை அடித்து, ஓர் இடம் விட்டு, ஹைஃபனும் சின்ன எஸ்ஸும் போட்டால் அது சர்வராகி 5201 என்ற போர்ட்டில் (இது மென்பொருளின் வாசல் எண், கம்பித் துளை இல்லை) காத்திருக்கும். வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் ஹைஃபன், சின்ன சி, அதன் பின் முதல் லேப்டாப்பின் ஐபி முகவரி. அவ்வளவுதான், ஓட ஆரம்பித்துவிடும். ஓடவில்லை என்றால் முதலில் விண்டோஸ் ஃபயர்வால் அந்தப் போர்ட்டை மறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சும்மா விட்டால் பத்து வினாடிதான் ஓடும். காற்றுக்கு அது போதாது. சின்ன டி போட்டு 60 வினாடி கொடுங்கள். பெரிய ஓ போட்டு 5 கொடுத்தால் வேகம் பிடிக்கும் முதல் ஐந்து வினாடியைக் கணக்கில் சேர்க்காது. பெரிய பி போட்டு 4 கொடுத்தால் நான்கு ஓடைகளாகப் பிரித்து அனுப்பும், வேகமான இணைப்புகளில் அது தேவைப்படும்.

இனி இரண்டு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். ஒன்று, ஐபெர்ஃப்3 இயல்பாக அளப்பது வைஃபை லேப்டாப்பிலிருந்து வெளியே போகும் திசையை. வீட்டில் படம் பார்ப்பவர்களுக்கு உள்ளே வரும் திசைதான் முக்கியம். அதற்குப் பெரிய ஆர் சேர்க்க வேண்டும். இரண்டையும் அளந்து தனித்தனியாக எழுதுங்கள், அவை ஒன்றாக இருக்காது. இரண்டு, சின்ன யூ போட்டு, போய்ச் சேர்ந்ததா என்று கேட்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் யூடிபி முறையில் ஓட்டினால் நாம் வேகம் சொல்லாதவரை அது 1 எம்பிபிஎஸ் மட்டுமே அனுப்பும். "அண்ணா, வைஃபை செத்துப் போச்சு, ஒண்ணுதான் வருது" என்று ஒரு தம்பி பதறி அழைத்தது இதனால்தான். சின்ன பி போட்டு 200 மெகா என்று நாம் சொல்ல வேண்டும். யூடிபியில் பார்க்க வேண்டியது வேகத்தைவிட எத்தனை பொட்டலம் தொலைந்தது, வரும் இடைவெளி எவ்வளவு தள்ளாடியது என்பதை. வீடியோ அழைப்பு உடைவதன் காரணம் அங்கேதான் தெரியும்.

எத்தனை தடவை ஓட்டணும்? ஒரு தடவை போதாதா?

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து தடவை. வந்த எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். ஐந்து ஓட்டத்தில் 412, 405, 418, 190, 409 என்று வந்தால் சராசரி 367. ஆனால் அந்த அறையில் ஒரு தடவைகூட 367 வரவில்லையே! நடு எண் 409, அதுதான் அந்த அறையின் இயல்பு. அதற்காக 190-ஐ அடித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு விழுந்தால் பக்கத்து வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறதா, யாராவது ஃபோனிலிருந்து படங்களை ஏற்றுகிறார்களா என்று தேடலாம்.

லேப்டாப் சார்ஜரில் மாட்டியே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வைஃபை அடக்கி வாசிக்கும்.

டிபிஎம்னா என்னங்க? ஏன் எல்லாமே மைனஸ்ல இருக்கு?

சிக்னலின் வலுவைச் சொல்லும் அளவு அது. ஒரு மில்லிவாட் சக்தியை 0 டிபிஎம் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஃபோனுக்கு வந்து சேருவது அதைவிடப் பல மடங்கு குறைவு, அதனால் மைனஸ். −30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, −60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த ஏற்ற இறக்கத்தை டெசிபெல் என்பார்கள். 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 குறையும்.

ரவுட்டர் பக்கத்தில் −30 அல்லது −40 வரும். பேச்சும் வீடியோ அழைப்பும் தடையில்லாமல் ஓட −67-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். −80-இல் இணைப்பு இருப்பது போலக் காட்டும், வேலை நடக்காது.

சிக்னல் மட்டும் போதாது, இரைச்சலையும் பார்க்க வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில் நல்ல ரிசீவரின் இரைச்சல் மட்டம் ஏறத்தாழ −95. அகலத்தை இரட்டிப்பாக்கினால் இரைச்சல் 3 டெசிபெல் ஏறும். ஆகவே 80 மெகாஹெர்ட்ஸில் −89. தூரத்து அறைக்கு 80-ஐவிட 20 அகலம் நன்றாக ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இடத்தில் இரண்டு ஃபோனை வைத்தால் அவை காட்டும் டிபிஎம் ஐந்து, ஏன் பத்துகூட மாறும். இரண்டுமே அளவுக் கருவியாகச் செய்யப்பட்டவை இல்லை. ஒரு வேலையைத் தொடங்கினால் முடியும்வரை ஒரே ஃபோனால் அளங்கள்.

ரவுட்டர் 866னு காட்டுது, கைக்கு 500கூட வரலை. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?

இல்லை. இரண்டு ஆன்டெனா, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொண்ட 802.11ஏசி (வைஃபை 5) இணைப்பு பேசும் உச்ச வேகம் 866 எம்பிபிஎஸ். வைஃபை 6-இல் அதே அமைப்புக்கு 1,201. அது வாய் பேசும் வேகம். ஆனால் வைஃபையில் ஒரே சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர் எல்லோரும் வாய் மூட வேண்டும். பேசும் முன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், பேசிய பிறகு "கிடைத்தது" என்று பதில் வர வேண்டும். அந்த நேரமெல்லாம் போக, காட்டும் எண்ணில் பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் நடுவே வந்தால் திருப்தியாக இருங்கள்.

எந்த சேனல் வெச்சு டெஸ்ட் பண்றது? ஆட்டோவில விடலாமா?

சோதனையின்போது ஆட்டோ கூடவே கூடாது. மூன்றாவது ஓட்டத்தின் நடுவில் ரவுட்டர் வேறு சேனலுக்குத் தாவினால் முதல் இரண்டோடு எதை ஒப்பிடுவது? 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பூட்டிவிடுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. ஐந்து ரோடு, முதல் அக்ரகாரம் போன்ற கடைவீதிகளில் ஆப்பைத் திறந்தால் மூன்றிலும் கூட்டமாகத்தான் இருக்கும். கூட்டம் குறைவு என்று யாராவது 3-லோ 8-லோ வைத்திருப்பார்கள். அது இரண்டு பக்கத்துக்காரர்களையும் கெடுத்துத் தானும் கெடும்.

5 ஜிகாஹெர்ட்ஸில் சோதனைக்கு 36 அல்லது 149 நல்லது. 52 முதல் 144 வரையுள்ளவை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரவுட்டர் அங்கே பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்கும், ரேடார் மாதிரி எதையாவது கேட்டால் விலகி ஓடிவிடும். "ரவுட்டர் ஆன் ஆகுது, 5 ஜி பேரு மட்டும் வரலை" என்று பதறுபவர்கள் அந்த ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அறையில எந்த இடத்துல வெச்சு அளக்கறது?

மக்கள் உட்காரும் இடத்தில், அவர்கள் ஃபோன் பிடிக்கும் உயரத்தில். இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறியுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வெட்டுவதால், ஆறு சென்டிமீட்டர் நகர்த்தினாலே சிக்னல் ஏறி இறங்கும். ஆகவே ஒரே புள்ளியில் அளந்து "இந்த அறை இப்படி" என்று சொல்ல முடியாது. ஒரு குறியைச் சுற்றி லேப்டாப்பை நாலு திசைக்கும் திருப்பி, ஒவ்வொரு திசைக்கும் ஓர் ஓட்டமாவது ஓட்டுங்கள். நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், அது அலையைக் குடிக்கும்.

எங்க தறிக்கூடத்துல தறி ஓடினா நெட்டு தடுமாறுது. தறி சத்தம்தான் காரணமா?

இரண்டு தடவை அளக்க வேண்டும், தறி ஓடும்போது ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஒன்று. ரவுட்டரை முதலில் கூடத்து மின்சாரத்திலும், பிறகு பையில் இருக்கும் 12 வோல்ட் யூபிஎஸ்ஸிலும் மாட்டி ஓட்டுங்கள். நான் பார்த்த கூடங்களில் யூபிஎஸ்ஸுக்கு மாற்றியதும் பிரச்சனை தீர்ந்தது. மோட்டார்கள் கிளம்பும்போது மின்னழுத்தம் விழுகிறது, ரவுட்டர் தன்னை அறியாமல் அணைந்து எழுகிறது. காற்றில் குறையே இல்லை. தகரக் கூரையில் அலை பட்டுத் திரும்புவது வேறு விஷயம். அது தறி நின்றாலும் இருக்கும், மேலே சொன்ன நாலு திசை அளவில் தெரிந்துவிடும்.

சார், கல்லூரி ப்ராஜெக்டுக்கு லேப்ல ஒரே மாதிரி ரிசல்ட் வர்ற செட்டப் வேணும். காத்துல ஒவ்வொரு தடவையும் மாறுதே?

நல்ல கேள்வி, இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். காற்றை விலக்கிவிட்டு, தூரத்தைக் கம்பிக்குள் கொண்டுவருவதுதான் வழி. ரவுட்டரின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அந்த முனையில் 50 ஓம் கேபிள் மாட்டுங்கள். மறுமுனையில் லேப்டாப்பின் வைஃபை அட்டை. நடுவில் அட்டென்யுவேட்டர், அதாவது சிக்னலைச் சொன்ன அளவுக்குக் குறைக்கும் துண்டு. 10, 20, 30 டெசிபெல் என்று நிலையான துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு டெசிபெல்லாகத் திருப்பக்கூடியதும் உண்டு. அதைத் திருப்பத் திருப்ப, ஒருவர் ரவுட்டரிலிருந்து நடந்து விலகிப் போவது போலச் சிக்னல் குறையும். இன்றைக்கு 70 டெசிபெல்லில் வந்த வேகம் அடுத்த மாதமும் 70-இல் வர வேண்டும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை பல. முதலாவது, அட்டென்யுவேட்டர் இல்லாமல் இரண்டு ரேடியோவை நேரடியாகக் கம்பியால் இணைக்காதீர்கள். ரிசீவர் எரிந்து போகலாம். முதலில் 30 டெசிபெல் நிலையான துண்டை மாட்டிவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, ரவுட்டரில் இரண்டு ஆன்டெனா இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிச் சங்கிலி வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்தால் பாதி ரவுட்டரைத்தான் அளக்கிறீர்கள். மூன்றாவது, எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகைக் கனெக்டர் உண்டு. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், அழகாக ஏறி இறுகிவிடும். ஆனால் ஒன்றில் நடுவில் ஊசி, இன்னொன்றில் துளை. மாற்றி மாட்டினால் ஊசிக்கு எதிரே ஊசி இடிக்கும், அல்லது துளைக்கு எதிரே துளை வந்து தொடுப்பே இருக்காது. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் ஆர்பி வகை, ஆய்வகக் கருவிகளில் எஸ்எம்ஏ. மாட்டும் முன் உள்ளே எட்டிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பெட்டி இல்லாமல் செய்வது. ஒரு மீட்டர் காற்றில் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை இழப்பது ஏறத்தாழ 47 டெசிபெல்தான். நீங்கள் கம்பியில் 90 டெசிபெல் வைத்துவிட்டு ரவுட்டரையும் லேப்டாப்பையும் ஒரே மேசையில் வைத்தால், கம்பி வழி அடைபட்ட அலை இரண்டின் பிளாஸ்டிக் உடம்பு வழியாகக் கசிந்து காற்றிலேயே போய்ச் சேர்ந்துவிடும். அட்டென்யுவேட்டரைத் திருப்பியும் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்கிறதா? கசிவுதான். ரவுட்டரை மூடிய உலோகப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். விலைக்கு வரும் கவசப் பெட்டி வாங்க முடியாத பிள்ளைகள் மூடி போட்ட உலோகப் பெட்டியை வைத்து, மூடியின் விளிம்பு முழுக்க அலுமினியத் தாளை அழுத்தி, ஒரு தொடக்கம் செய்யலாம். விளிம்பு இடுக்குதான் எதிரி. அதைவிடப் பெரிய எதிரி உள்ளே போகும் மின்கம்பியும் லேன் கேபிளும். அவை ஓட்டை வழியே நுழையும் ஆன்டெனாவாகவே வேலை செய்யும். பெட்டி எவ்வளவு தடுக்கிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். திறந்திருக்கும்போது வெளியே எவ்வளவு டிபிஎம், மூடினால் எவ்வளவு, வித்தியாசம்தான் அந்தப் பெட்டியின் தகுதி. மூடிய பெட்டிக்குள் ரவுட்டர் சூடேறும் என்பதையும் மறக்காதீர்கள், ஓட்டத்துக்கு ஓட்டம் திறந்து ஆறவிடுங்கள்.

ஏற்காட்டுல மேகம் இறங்கினா வைஃபை படுத்துருது தம்பி. பனிதானே காரணம்?

கட்டடத்துக்குக் கட்டடம் ஆன்டெனா வைத்துக் காற்றிலேயே நெட்டைக் கொண்டுபோகும் மலை விடுதியின் அம்மா ஒருவர் கேட்டது. அங்கே எல்லோருமே இப்படித்தான் நம்புகிறார்கள், கண்ணால் பார்ப்பதும் அப்படித்தான் இருக்கிறது. எதிரே இருக்கும் கட்டடமே மறைகிறது, நெட்டும் போகிறது. ஆனால் மூடுபனியின் துளிகள் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்கும். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்கும் துளி, இந்த அலைக்கு இருப்பதே தெரியாது. அடர்ந்த பனியில் ஒரு கிலோமீட்டர் போனாலும் ஒரு டெசிபெலில் பத்தில் ஒரு பங்குகூட இழப்பு வராது. கனமழைகூட இந்த அலைவரிசையில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் தின்னாது. 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளின் கதை வேறு. அங்கே காற்றில் உள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் எடுத்துக்கொள்ளும், மழை இன்னும் அதிகமாக எடுக்கும்.

பிறகு எது தடுக்கிறது? இலை. காப்பிச் செடிக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்களை நட்டு, அவற்றின் மேல் மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்கள். இலை அடர்த்திக்குள் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு டெசிபெல், சில சமயம் அதற்கு மேலும் இழக்கும். நனைந்த இலை இன்னும் மோசம். மேகம் இறங்கினால் மழை பெய்யாமலே இலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைகிறது. அந்த ஈரம்தான் குற்றவாளி, பழி மேகத்தின் மேல் விழுகிறது. ஆன்டெனா மாட்டும்போது தலைக்குக் கீழே இருந்த கிளை இரண்டு மழைக்காலம் கழித்து நேர்கோட்டுக்குள் வந்து நிற்பதும் உண்டு. நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்த மாதத்தில் "நெட்டு தானா சரியாயிருச்சு" என்பார்கள். தானாக ஆகவில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பழைய லேப்டாப்பை நிமிடத்துக்கு ஒரு தடவை எதிர் முனைக்குப் பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சின்னப் பொட்டலம்) அனுப்பி, சிக்னல் அளவையும் சேர்த்துக் கோப்பில் எழுத வையுங்கள். இரண்டு வாரம் ஓடட்டும். பக்கத்தில் நோட்டில் மேகம் எப்போது இறங்கியது, எப்போது விலகியது, மழை எப்போது என்று விடுதிக்காரர்களே குறிக்கட்டும். மேகம் விலகி வெயில் வந்த பிறகும், இலை காயும்வரை சிக்னல் தாழ்ந்தே இருந்தால் இலைதான். சிக்னல் அப்படியே இருக்கப் பிங் மட்டும் நின்றால் மின்சாரத்தைப் பாருங்கள். மழை தொடங்கிச் சில மணி நேரம் கழித்துக் குறைந்து, அடுத்த நாள் வெயிலில்கூட மீளாவிட்டால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

மலையில ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல லிங்க் போடறோம். எவ்வளவு சிக்னல் வரணும்னு முன்னாடியே தெரியுமா?

தெரியும், கணக்கிட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். தூரம் 2 கிலோமீட்டர், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் இழப்பு 114 டெசிபெல். அனுப்பும் பக்கம் ஆன்டெனாவோடு சேர்த்து 30 டிபிஎம், வாங்கும் ஆன்டெனாவின் கெய்ன் (ஒரே திசையில் குவிப்பதால் கூடும் வலு) 23 டிபிஐ. 30-இலிருந்து 114 கழித்து 23 கூட்டினால் −61. அந்த லிங்க் −61-ஐ ஒட்டி நிற்க வேண்டும், இரண்டு மூன்று குறைந்தால் பரவாயில்லை. −78 வந்தால் ஏதோ தவறு. ஆன்டெனாவின் முதன்மைக் கற்றைக்குப் பதில் பக்கக் கற்றையில் பூட்டியிருப்பீர்கள், அல்லது ஒரு முனையில் நிமிர்ந்தும் மறுமுனையில் படுத்தும் மாட்டியிருப்பீர்கள். சிக்னல் ஏறுகிறதே என்று முதல் உச்சத்தில் திருகாணியை இறுக்காதீர்கள். அதைத் தாண்டி இரண்டு பக்கமும் முழுக்க ஆட்டிப் பார்த்து, பெரிய உச்சத்தைக் கண்டுபிடித்த பிறகு இறுக்குங்கள்.

எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போகாது, நடுவில் உப்பிப் போகும். 2 கிலோமீட்டருக்கு நடு வழியில் அந்த உப்பலின் ஆரம் 5 மீட்டர். அதில் அறுபது சதவீதம், அதாவது நேர்கோட்டைச் சுற்றி மூன்று மீட்டர், மரமோ கூரையோ இல்லாமல் இருக்க வேண்டும். மரம் வளரும் என்பதால் நான் இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்தே கம்பம் கேட்பேன். தோட்டத்துக்காரர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஸ்பீடு நல்லா வருது, ஆனா வீடியோ கால் மட்டும் திக்குது. அதை எப்படி அளக்கறது?

சும்மா இருக்கும்போது ரவுட்டருக்குப் பிங் அனுப்பினால் சில மில்லிவினாடிதான் வரும். அதே பிங் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு கணினியில் ஐபெர்ஃப்3-ஐ முழு வேகத்தில் ஓட்டுங்கள். பிங் நூற்றுக்கணக்கில் எகிறினால் பிடித்துவிட்டீர்கள். ரவுட்டர் பொட்டலங்களை வரிசையில் நிறுத்திக் காக்க வைக்கிறது. ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது மற்றவரின் பேச்சு அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. ஆன்டெனாவை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. ரவுட்டர் அமைப்பில் வரிசை மேலாண்மை இருந்தால் அதை இயக்குங்கள்.

சேலத்து வெயிலுக்கு ரவுட்டர் வேகம் குறையுமா?

குறையலாம். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே மாட்டிய ரவுட்டர் கொதிக்கும், சூடு ஏறினால் சில ரவுட்டர்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலை ஏழு மணிக்கும் பகல் மூன்று மணிக்கும் அளந்து ஒப்பிடுங்கள்.

மலைமேல மின்னல் நேரத்துல என்ன செய்யறது?

இறங்கிவிடுங்கள். கோடையில் ஏற்காட்டில் மத்தியானத்துக்கு மேல் இடி கட்டிக்கொண்டு வருவது வழக்கம். தூரத்தில் முதல் இடி கேட்டதுமே கம்பத்திலிருந்தும் மொட்டை மாடியிலிருந்தும் கீழே வந்துவிட வேண்டும், அளவு பாதியில் நின்றாலும் பரவாயில்லை. வெளியே மாட்டும் கருவிக்குக் கம்பத்தில் எர்த்திங்கும், லேன் கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் கட்டாயம். கேபிள் உள்ளே போகும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணுமா?

2.4 ஜிகாஹெர்ட்ஸை 2005-லும், 5 ஜிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை 2018-லும் இந்திய அரசு உரிமம் தேவையில்லாததாக அறிவித்தது. சக்திக்கு வரம்பு உண்டு, அதைத் தாண்டக் கூடாது. சிக்னலை முடக்கும் ஜாமரும், அனுமதியில்லாமல் மாட்டும் மொபைல் சிக்னல் பூஸ்டரும் சட்டவிரோதம். யார் எவ்வளவு கெஞ்சினாலும் மாட்டிக் கொடுக்காதீர்கள். அடுத்தவர் நெட்வொர்க்கின் பொட்டலங்களைப் பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம். வாடிக்கையாளரின் நெட்வொர்க்காக இருந்தாலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு குறைவா இருக்கு, எதை முதல்ல வாங்கறது?

கேபிள். நல்ல கேட்-6 கேபிள் இரண்டு, யூஎஸ்பி 3 லேன் அடாப்டர் ஒன்று. அடுத்து 12 வோல்ட் யூபிஎஸ். பிறகு தெரிந்த ரவுட்டர். அட்டென்யுவேட்டரும் பெட்டியும் ஆய்வகம் அமைப்பவர்களுக்கு மட்டும். அலைவரிசையை விரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் எனக்கும் ரொம்ப நாள் ஆசையாக இருந்தது. வாங்கிய பிறகு அதைத் தொடும் நாள் மாதத்தில் ஒன்றோ இரண்டோதான். லேன் அடாப்டர் இல்லாமல் ஒரு நாள்கூட வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

உங்க கருவியை இரவல் தருவீங்களா?

படிக்கிற பிள்ளைகளுக்குத் தருகிறேன். வாங்கும்போது என் கண்ணெதிரே கம்பியில் மாட்டி 940 வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், திருப்பித் தரும்போதும் அப்படியே. கூடவே வரும் நோட்டில் தேதி, இடம், ரவுட்டர், சேனல், அகலம், தூரம், நடுவில் எத்தனை சுவர், வந்த ஐந்து எண்கள், அன்றைய வானிலை எல்லாம் எழுத வேண்டும். எழுதாமல் திருப்பித் தந்த பிள்ளைகளை உட்கார வைத்து எழுத வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.